தேய்த்துத் துடைத்த பிஸ்டன்

…அது கரி இல்லை, அழுக்கும் இல்லை, பிஸ்டனின் பக்கவாட்டில் கம்பெனியிலேயே பூசி அனுப்புகிற கிராஃபைட் பூச்சு, அதைத்தான் அரை மணி நேரம் உட்கார்ந்து எமரி பேப்பரால் தேய்த்து வெள்ளையாக்கி, வெயிலில் காட்டிப் பெருமையாகப் பார்த்துவிட்டு எஞ்சினுக்குள் ஏற்றியிருக்கிறேன், இப்போது மேல்மூடி ஹெட்டைப் பூட்டலாம் என்று கேஸ்கெட் உறையைப் பிரித்தால் உள்ளே ஒரு தாள், கருப்புப் பூச்சைச் சுரண்டாதீர் என்று படத்தோடு… முதலிலேயே பிரித்துப் படித்திருந்தால் குறைந்தா போயிருப்பாய், ரோஸ்மேரி? கிராஃபைட் எனக்குத் தெரியாதா, பூட்டு இறுகினால் பென்சில் தூளைத்தானே போடுகிறேன், ஐ.டி.ஐ.யில் படம் வரைந்து மார்க் வாங்கினேனே, புதிதில் துகள்கள் தாறுமாறாக நிற்கும், உரச உரசத் தாள் தாளாக பிஸ்டன் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்ளும், கொஞ்சம் பெயர்ந்து சிலிண்டர் சுவரிலும் ஒட்டும், அப்புறம் பூச்சின் மேல் பூச்சு வழுக்கும், உலோகத்தை உலோகம் தொடாது… அப்படித்தான் படிந்திருந்தது, நடுவில் தேய்ந்து மினுமினுவென்று, நான் வீணாய்ப் போனது என்று நினைத்த இடம்தான் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இடம். சுவரையாவது விட்டேனா, தின்னர் ஊற்றி அதையும் துடைத்தேன், பெரிய சுத்தக்காரி.

பட்டறை வாசலில் தருமலிங்கம் அண்ணன், பசியாவரத்திலிருந்து காலையிலேயே வந்து நிற்கிறார், படகு எஞ்சினை பிஸ்டன் ரிங் மாற்றத்தான் கொடுத்தார், இறால் வந்திருக்கிறதாம், மூன்று மணிக்குப் படகை இறக்க வேண்டுமாம்… பொம்பளை கையில் எஞ்சினைக் கொடுக்காதே என்று தோணிரேவு ஊரே சொன்னபோது என்னிடம் முதல் எஞ்சினைக் கொண்டுவந்து போட்டவர். மூடிக் கொடுத்தால் ஓடும், இரண்டு நாள்கூட ஓடலாம், முகத்துவாரத்தில் அலைக்கு எதிரே முழு வேகம் கொடுக்கும்போது சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டால்? அங்கே எஞ்சின் நின்றால் படகு கவிழும், நீச்சல் தெரிந்து என்ன பயன்? சொல்லிவிடு, நான்தான் தேய்த்துவிட்டேன் என்று சொல்லிவிடு, இதில் என்ன வெட்கம்… வெட்கம்தான்.

“இன்னாம்மா, முடிஞ்சிச்சா?”

“இன்னிக்கு எடுக்காதீங்கண்ணே. பிஸ்டன் வேற போடணும்.”

ஏன் என்றார். கம்பெனி பிஸ்டனே சரியில்லை என்றேன், யோசிக்கவே இல்லை, பொய் தானாக வந்தது.

“நீ பாத்து சொன்னா சரிதாம்மா,” என்றார், கம்பெனிக்காரனை இரண்டு வார்த்தை திட்டினார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிஸ்டனைக்கூடக் காட்டச் சொல்லவில்லை, அந்த ஒரு ஏனுக்கு மேல் கேள்வி இல்லை. இன்றைக்குப் படகு போகாது, நிம்மதிதான், மூச்சுகூடச் சீராக வருகிறது… ஆனால் நாளைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னாலும், இதே மாதிரி மேற்கொண்டு கேட்காமல் நம்பித்தானே கடலுக்குப் போவார்.