நிறுத்திவிட்ட மாத்திரை

"வலி நின்னுடுச்சுன்னு பாதியில விட்டுடாதீங்க! டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடணும்!" என்று மருந்துக்கடையில் வருகிறவர் போகிறவரையெல்லாம் அதட்டுவாள் அவள். அந்த மகராசிதான் தன் மாத்திரையைப் பதினொரு மாதமாக வாயில் போடவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

மார்பில் கட்டி வந்து மூன்று வருஷம். ஆரம்பத்திலேயே தெரிந்ததால் ஆபரேஷனும் கதிர்வீச்சும் போதும் என்றார்கள். திரும்ப வராமலிருக்க ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை. அதுதான் வினை. விரல் மூட்டெல்லாம் கட்டையாகி, கடையில் மாத்திரை அட்டையை வெட்டக் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. ஒரு வாரம் விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விரல் மடங்கியது. அப்பாடா என்றிருந்தது! வாரம் மாதமானது. "போட்டியா?" என்பார் வீட்டுக்காரர். "ஆச்சுங்க" என்பாள். மருந்துக்கடைக்காரி மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

போன வாரம் அக்குளில் ஒரு உருண்டை தட்டுப்பட்டது. ஊசியில் உறிஞ்சி சோதனைக்கு அனுப்பினார்கள். வந்துடுச்சு, நானே வரவழைச்சுட்டேன் என்று ஆறு நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்று முடிவு கேட்க வீட்டுக்காரரோடு வந்து டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்ல, சாதாரண நெறிகட்டல்தான்" என்றார் டாக்டரம்மா. "அப்பவே கட்டி சின்னது, நெறிக்கும் பரவல. மாத்திரையும் தவறாம போடறீங்க. அதனாலதான் தைரியமா இருக்கேன்."

"அவளா தவறவிடுவா? ஊருக்கே மருந்து கொடுக்கறவளாச்சே!" வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடி பதறியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அடுத்த உருண்டை?

"நான் போடல டாக்டர். பதினொரு மாசமா. விரலெல்லாம் வலிச்சு மடங்கவே இல்ல."

"தினமும் கேட்டேனேம்மா..." வீட்டுக்காரர் குரல் உள்ளே போய்விட்டது.

"விரல் வலின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்திக் கொடுத்திருப்பேனே!" என்றார் டாக்டரம்மா.

"அப்ப இந்தப் பதினொரு மாசம்?" என்றாள்.

டாக்டரம்மா சீட்டை இழுத்து வேறு மாத்திரை எழுதினார். "அதனால என்ன ஆகும்னு எனக்கும் சொல்லத் தெரியாதும்மா. இன்னிக்கே ஆரம்பிங்க."

கீழே புது மாத்திரையை வாங்கி, குடிதண்ணீர்க் குழாயடியில் நின்றே விழுங்கினாள். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். போட்டியா என்று அவர் கேட்கவேயில்லை. அவளாகவே அவர் முன்னால் போய், வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.