பதினெட்டா, பத்தொன்பதா

என் கணவர் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் தியேட்டரில் ஊசி போட்டு ஆளைத் தூங்க வைப்பார். வீட்டில் ஊசி தேவையில்லை. டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் கண் சொருகிவிடும்.

எல்லாம் அந்த மஞ்சள் காரால் வந்தது. இரண்டே இருக்கை. உட்கார்ந்தால் இடுப்பு தரையில் உரசுமோ என்று பயம் வரும். அதில் ஏறத் துணிச்சல் வேண்டும், இறங்க என்னைப் போல ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். "ரேஸ் டிராக்கில் ஓட்டத்தான் வாங்கினேன்" என்று சொந்தபந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார் அதிகபட்சமாகப் போனது பெட்ரோல் பங்க் வரைக்கும்தான்.

அந்தக் கார் தூங்குகிற கேரேஜ்தான் எனக்கு வேண்டியிருந்தது. என்னிடம் வருகிற நோயாளிகள் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். எதிர் சோபாவில் என் மாமியார். முட்டியை மடக்கி நீட்டும்போது யாராவது முனகினால், "எனக்கும் அங்கதான் வலிக்குது, நான் கத்துறேனா?" என்பார். அதுகூடப் பரவாயில்லை. வாசலில் செங்குத்தாக நாலு படி. பக்கவாதம் வந்த பஸ் டிரைவர் ஒருவரைச் சக்கர நாற்காலியோடு அவர் மகன்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஊரையே ஏற்றி இறக்கிய மனிதர், ஒவ்வொரு படியிலும் கண்ணை மூடிக்கொள்வார். கேரேஜுக்குப் படியே கிடையாது. தெருவிலிருந்து நேராக உருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம்.

அதனால் ஒரு நாள் சண்டை போட்டு ஒப்பந்தம் போட்டேன். இந்த ரேஸ் சீசன் முடிவதற்குள் அவர் ஒரு தடவையாவது டிராக்கில் ஓட்ட வேண்டும். ஓட்டினால் கார் இருக்கும், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஓட்டாவிட்டால் கார் விற்பனைக்கு, கேரேஜ் எனக்கு. மாமியார்தான் சாட்சி.

"டிராக்குக்குச் சரியான டயர் வேணும்மா. ரோட்டு டயர்ல போகக்கூடாது. அது மட்டும் முடிவாகட்டும்" என்றார் இவர்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கதை அங்கேதான் தொடங்கியது. முதலில் ரிம் பதினெட்டு இஞ்சா, பத்தொன்பதா என்று தீர்மானிக்க வேண்டுமாம். சின்ன ரிம் என்றால் எடை குறையும், டயரில் வகை நிறையக் கிடைக்கும். பெரிய ரிம் என்றால் ரப்பரின் பக்கச்சுவர் குட்டை, வளைவில் துவளாது. அவர் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டு, "பதினெட்டு. முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

அப்படியே விட்டால் கேரேஜ் போச்சு. அவர் மேஜையில் கிடந்த கார் பத்திரிகையை ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் நானும் புரட்டியிருந்தேன். சும்மா கேட்பதுபோல ஒன்று கேட்டேன்.

"நீங்க போன வருஷம் பெரிய பிரேக் மாத்துனீங்களே, அது பதினெட்டுக்குள்ள அடங்குமா?"

டம்ளரை வைத்துவிட்டு நேரே கேரேஜுக்குப் போனார். மறுநாள் என் சிகிச்சைக் கட்டில் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, ரிம்மின் உள்வளைவைப் போல ஒரு துண்டு செய்து, கழற்றிய சக்கரத்தின் இடத்தில் பிரேக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். தீக்குச்சி நுழைகிற இடைவெளி இருந்தது. அது போதுமா போதாதா என்ற ஆராய்ச்சியில் அந்த மாதம் போயிற்று.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. பத்தொன்பது என்று சாய்ந்தால், "எடை கூடுமே, திருப்பும்போது இழுக்காதா?" என்பேன். மிருதுவான ரப்பர் என்றால், "நல்லாப் பிடிக்கும், ஆனா எத்தனை ரவுண்டு தாங்கும்?" என்பேன். பள்ளமே இல்லாத வழுக்கை டயர் என்றால், "மழை வந்தா?" பின்னால் அகலம், முன்னால் ஒல்லி என்று படம் போட்டுக் காட்டியபோது, "அப்ப வளைவுல கார் மூக்கு திரும்பாம நேராப் போகாதா?" என்றேன். ஒவ்வொரு கேள்வியும் அவருக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுக்கும். நல்ல கேள்வி கேட்க வேண்டுமென்றால் படிக்க வேண்டும், அதனால் படித்தேன். அவர் விட்டுப்போனதையும் சேர்த்துப் படித்தேன்.

டயர்க்கடைக்காரர் ஒரு நாள் எனக்கே போன் செய்தார்.

"அம்மா, டாக்டர் கேக்குற கேள்வியெல்லாம் நீங்க சொல்லி விடுறதுதானே?"

"ஏன் கேக்குறீங்க?"

"எல்லாமே சரியான கேள்வியா இருக்கு. அதான் சந்தேகம் வந்துச்சு."

கடைசியில் என் திட்டத்தைக் கெடுத்தது மாமியார். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் அந்த அட்டைத்துண்டைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "டேய், பொண்ணு பார்க்கப் போனப்பகூட நீ இவ்வளவு யோசிக்கலடா! ஏதாவது ஒண்ணை மாட்டு!"

ஏதாவது ஒன்று மாட்டப்பட்டது. பத்தொன்பது இஞ்ச், பாதி வழுக்கை டயர், பின்னால் மட்டும் அகலம். சீசனின் கடைசி நாளுக்குப் பணம் கட்டி இடமும் பிடித்துவிட்டார். அன்றைக்குக் காலையில் நானும் கூடப் போனேன். தோற்கப் போகிறோமே என்ற கடுப்பு எனக்கு.

டிராக்கில் மற்றவர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இவர் காற்று அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு காரையே சுற்றினார். ஒரு சக்கரத்தில் கொஞ்சம் காற்றை இறக்குவார், பிறகு ஏற்றுவார். கூட உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய பயிற்சியாளர் ஹெல்மெட்டோடு காத்து நின்றார்.

"கிளம்பலாமா சார்?"

"வெயில் ஏறட்டும். ரப்பர் சூடாகணும்."

"ஓட்டினாத்தான் சார் அது சூடாகும்."

இவர் சிரித்தார். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். மீட்டர் நடுங்கிக்கொண்டிருந்தது. முதுகெலும்பில் ஊசி இறக்கும்போது இம்மி அசையாத கை அது. எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதமும் இவர் டயரைத் தேடவேயில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இவர் ஆடாமல் இருப்பதற்காகக் கூடத்தை அளந்துகொண்டே இருந்திருக்கிறார். பயந்த மனுஷனுக்கு நான் வாரம் ஒரு பயமாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து அவ்வளவு பாவமாக இருந்ததில்லை.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார், என்னைப் பார்க்காமல். "நீ ஜெயிச்சுட்டம்மா."

ஜெயித்துவிட்டேன். கேரேஜ் என்னுடையது. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் மிச்சம் இருக்கு மேடம். வேணும்னா நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து ஒரு ரவுண்டு வாங்க."

"நான் ஓட்டுறேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், இவ்வளவு படித்தது வீணாகப் போகிறதே என்ற ஆத்திரம்தான். இவர் தடுக்கவில்லை. சாவியைக் கொடுத்த வேகத்தைப் பார்த்தால் சனியன் தொலைந்தது என்பதுபோல இருந்தது.

முதல் சுற்றில் டயர் சில்லென்று வழுக்கியது. "அவசரப்படாதீங்க, சூடு ஏறட்டும்" என்றார் பயிற்சியாளர். அடுத்த சுற்றில் ரப்பர் மெல்ல இளகியது. அதற்கடுத்த சுற்றில் கார் தரையைக் கவ்விப் பிடித்தது. என் முதுகு வழியாக ரோடு முழுக்க எனக்குத் தெரிந்தது. நாள் முழுக்கப் பிறர் தசையைத் தொட்டு எது இறுக்கம், எது தளர்வு என்று பார்க்கிற உடம்பு என்னுடையது. நீண்ட இடது வளைவில் நான் திருப்பத் திருப்ப, காரின் மூக்கு மட்டும் வெளிப்பக்கமாக நழுவியது. முன் டயர் ஒல்லி. அதைத்தானே கேட்டேன்! காரியத்தைக் கெடுக்க நான் இட்டுக்கட்டிக் கேட்ட கேள்விகள் எல்லாமே நிஜமான கேள்விகள். ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கொடி காட்டி உள்ளே அழைக்கும்வரை நான் நிறுத்தவில்லை.

இறங்கியபோது என் கணவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. பல மாதமாக நான் பார்க்காத முகம்.

"வித்துடலாம்மா" என்றார். "எனக்கு இது சரிப்படாது. இப்பத்தான் நிம்மதியா இருக்கு. டயர்க்கடைக்காரர்கிட்டயே ஒரு ஆள் இருக்காராம், இப்பவே போன் பண்றேன். அடுத்த வாரமே கேரேஜ காலி பண்ணிடலாம். உன் பஸ் டிரைவரை நானே உருட்டிட்டு வர்றேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் நான் இவ்வளவு சூழ்ச்சியும் செய்தேன்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். "முன்னாடி இன்னும் அகலமாப் போடணும். பதினெட்டு இஞ்சே போட்டிருக்கலாம். அந்தத் தீக்குச்சி இடைவெளி தாராளமாப் போதும்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்ப கேரேஜ்?" என்றார்.

எங்கள் வீட்டுப் படியில் அந்தப் பஸ் டிரைவர் கண்ணை மூடிக்கொள்வது மனசுக்குள் தெரிந்தது. கூசிப்போயிற்று. சரி, வித்துடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் சாவிக்குக் கையை நீட்டினார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.