அப்படியே வரணும்

அத்தான் கொண்டுவந்து வைத்த பழைய கம்ப்யூட்டரைத் திறந்ததுமே அவளுக்குக் குமட்டியது. விசிறி முழுக்கப் பிசுபிசுவென்று தூசி, அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு செத்த கரப்பான். கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்த ஒன்பது வருஷத்தில் இதைவிடக் கண்றாவியெல்லாம் பார்த்தவள்தான். சொந்த அக்கா வீட்டு அழுக்கு என்பதால் கூடுதலாக எரிச்சல் வந்தது.

"நீங்க வாங்கின புது மெஷின்ல சிஸ்டத்தைப் புதுசாப் போட்டுடுறேன் அத்தான். அக்காவோட ஃபைலை மட்டும் மாத்தினாப் போதும்."

"ஐயய்யோ, வேண்டாம்மா. இதுல இருக்கிறது அதுல அப்படியே வரணும். ஒண்ணையும் தொடாதே."

அந்த 'அப்படியே'யை மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனார். பெண்டாட்டி மேல் என்ன அக்கறை என்று அவளும் நினைத்தாள். அக்காவே மாய்ந்து மாய்ந்து சொல்வாள், "என் மனசுல இருக்கிறது இவருக்கு எப்படித்தான் தெரியுமோ!" என்று. போன மாதம் வெளியூர் வேலை ஒன்றுக்கு அக்கா யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் எழுதினாள். அனுப்புவதற்குள் அவர், "இங்க உனக்கு என்ன குறை?" என்று கேட்டுவிட்டார். அந்த வேலை அதோடு போயிற்று.

பழைய டிஸ்க்கை ஒரு எழுத்து விடாமல் நகலெடுத்துப் புது மெஷினில் மாட்டினாள். மெஷின் மாறினால் சில மென்பொருள்கள் முரண்டு பிடித்து, உரிமத்தைத் திரும்பக் கேட்கும். இத்தனை நாள் பதுங்கியிருந்த ஒரு மென்பொருளும் கேட்டது.

'புதிய கணினி. உரிமத்தைப் புதுப்பிக்கவும். கண்காணிக்கப்படுபவர்: மனைவி.'

அக்கா தட்டிய ஒவ்வொரு எழுத்தும் நான்கு வருஷமாக அத்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கையான தனக்கு எழுதிய கடிதங்களும்தான்.

"சீ!"

கரப்பானை வெறுங்கையால் எடுத்துப் போட்டவளுக்கு மவுஸைத் தொடக் கூசியது. குழாயடிக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். சத்தமில்லாமல் அதை அழித்துவிட்டால் குடும்பம் குலையாது. ஆனால் அந்த மனுஷன் மறுநாளே திரும்ப ஏற்றிவிடுவார். அக்காவுக்குப் போன் போட்டாள்.

சாயங்காலம் அத்தான் சிரித்த முகமாக வந்தார்.

"எல்லாம் அப்படியே வந்துடுச்சா?"

"ஒண்ணு விடாம வந்துடுச்சு."

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா நாற்காலியைத் திருப்பினாள்.

"இப்ப என் மனசுல என்ன இருக்கு? சொல்லுங்க பாக்கலாம்."