இடது முன்சக்கரம்

சக்கரத்தைத் தூக்கிப் பொருத்தப் போனவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

அவளுடைய கார் அப்பா வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஜாக்கியில் நின்றது. காலையில் அதன் பக்கத்தில்தான் அவர் விழுந்து கிடந்தார். இப்போது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவரை எடுத்துப்போகும் வண்டி உள்ளே வர, இது வெளியே போயாக வேண்டும்.

காலை எட்டரைக்கு அப்பா போனில் பேசியிருந்தார். “பிரேக்கோட ஏபிஎஸ் லைட்டு எரியறது சக்கரத்து சென்சாராலதாம்மா. துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கிளம்ப மாட்டேங்குது. உடைச்சு எடுத்துப் புதுச மாட்டணும். மத்தியானம் ஆயிடும்.”

“விடுங்கப்பா, ஒர்க்‌ஷாப்ல பாத்துக்கலாம்.”

“நாளைக்குப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போகணும்ல நீ.”

புதிய சென்சார் அதன் துளையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. போல்ட்டை அசைத்துப் பார்த்தாள். இறுகியிருந்தது. ஒயர் ஒவ்வொரு கிளிப்பிலும் மாட்டப்பட்டிருந்தது. பழையதன் துண்டுகள் ஒரு டப்பா மூடியில்.

“என்னம்மா?” என்றார் சித்தப்பா.

“வேலை முடிஞ்சிருக்கு சித்தப்பா.”

“அண்ணன் எதையும் அரைகுறையா விட மாட்டாரே.”

உயிர் ஒன்பது மணிக்கு முன்பே போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அம்மா வாசலுக்கு வந்து நின்றாள்.

“நீ எப்பம்மா வந்து அப்பாவப் பாத்த?”

“பதினொன்னரைக்கு. அதுவரைக்கும் ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கிட்டேதான இருந்துச்சு. நின்னதும் வந்தேன்.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். அவரு எழுதிக்கல.”

அம்மா உள்ளே போனாள். சித்தப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் சக்கரத்தை மாட்டி, நட்டுகளை முடுக்கி, ஜாக்கியை இறக்கினாள். வண்டியைத் தெருவுக்கு எடுத்தாள். பத்தடி போனதும் ஏபிஎஸ் விளக்கு அணைந்தது. தெருமுனையில் பிரேக்கை மிதித்தாள். நேற்றுவரை மிதித்த காலை உதறிய பெடல் சத்தமில்லாமல் இறங்கியது. கார் மெதுவாக நின்றது.

அப்போது பீப் ஒலி தொடங்கியது. பக்கத்து இருக்கையில் யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் எரியும் விளக்கு சிவப்பாக மின்னியது. இருக்கையில் பை இல்லை, துணி இல்லை, எதுவும் இல்லை. கையால் தடவிப் பார்த்தாள். ஒலி நிற்கவில்லை.

பிறகு எட்டி, அந்தப் பெல்ட்டை இழுத்து, முறுக்கலை நீக்கி, காலி இருக்கையின் குறுக்கே மாட்டினாள்.

ஒலி நின்றது.