ஒடிலியாவின் கொசுவம்

கல்யாண ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். பெண்ணின் ஞானத்தாய் செலரினா, பலகை வீட்டின் உள்ளறையில் உள்பாவாடையோடு நின்றாள். கையில் சுருட்டிய கருப்புக் கம்பளிப் பாவாடை. வடக்கே எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் ஆப்பிள் பெட்டி அடுக்கிய வருஷங்களில் ஜீன்ஸ்தான் பழகியிருந்தது. அவ்வளவு நீளத் துணியை முதுகுப்பக்கம் கொசுவம் வைத்துக் கச்சையால் இறுக்க அவளுக்கு இப்போது வரவில்லை.

"அண்ணி, கொஞ்சம் கட்டிவிடுங்களேன்."

பெண்ணைப் பெற்ற ஒடிலியா கதவில் நின்றாள். மகள் அடம்பிடித்ததால்தான் இந்த நாத்தனார் ஞானத்தாய். மாமியார் செத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. படுக்கையில் கிடந்தவளுக்குப் பீ மூத்திரம் அள்ளியது ஒடிலியா. பெற்ற மகள் செலரினா வரவில்லை. விசா இல்லாதவள்; வந்திருந்தால் எல்லை தாண்டி மறுபடி வேலைக்குப் போயிருக்க முடியாது. காரணம் நிஜம்தான். ஆனாலும் வரவில்லை.

"வடக்கே இதுக்கு மெஷின் கண்டுபிடிக்கலையா?"

"அங்கே மெஷினே நான்தான் அண்ணி."

ஒடிலியா சிரிக்கவில்லை. துணியைப் பிடுங்கிக் கட்டிவிட்டாள். பின்னாலிருந்து பார்த்தே இது யார் வைத்த கொசுவம் என்று ஊர்ப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். ஒடிலியாவின் மடிப்பு விரல் அகலம்கூட இருக்காது. செலரினா தடவிப் பார்த்தாள். உள்ளங்கை அகலம்.

"இது உங்க கை இல்லையே."

"என் கைன்னு தெரிஞ்சா உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைப்பாங்க. போய் ஆடு."

செலரினா போனாள். ஜீன்ஸில் போனால் பெண்ணுக்கு அவமானம்.

இரண்டாவது பாட்டுக்குள் பின்கொசுவம் கச்சையிலிருந்து நழுவியது. பட்டை மடிப்புக்குப் பிடிமானம் இல்லை. ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஆடினாள்.

"பாவாடை திரும்ப வடக்கே போகப் பாக்குதுடி!" என்று பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். செலரினா யாரையும் பார்க்கவில்லை.

மாட்டுக்கறிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த ஒடிலியா கரண்டியைப் போட்டுவிட்டு ஆட்டத்துக்கு நடுவே வந்தாள்.

"நில்லு."

முட்டி போட்டுக் கொசுவத்தை மொத்தமாக உருவினாள். மெல்லிசு மெல்லிசாக மடித்துக்கொண்டே போனாள். ஆடுகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கச்சையை இழுத்த இழுப்பில் செலரினா முனகினாள்.

"மூச்சு முட்டுது அண்ணி."

"முட்டட்டும். கடைசியில அத்தை உன் பேரையேதான் சொல்லிட்டிருந்தாங்க. என் பேரை ஒருதடவை சொல்லலை."

"எனக்குத் தெரியாது."

"இப்ப தெரிஞ்சுக்கோ." முடிச்சைப் போட்டு, பெஞ்சுப் பக்கம் இடுப்பைப் பிடித்துத் திருப்பினாள். "முதுகைக் காட்டி ஆடு. பாக்கட்டும்."