அக்கா மகன்

1970 ஜூன் மாதம், ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பின் நல மன்றக் கூட்டத்தில் கலியமூர்த்தி கையைத் தூக்கியது கால்பந்து மேல் இருந்த ஆசையால் அல்ல. பையன்களின் அணிக்குப் பயிற்சி கொடுக்க யாராவது முன்வர வேண்டும் என்று வெல்ஃபேர் ஆபீசர் இராமகிருஷ்ணன் மூன்று தரம் கேட்டுவிட்டார். கூடத்தில் இருந்த நாற்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனம் கலியமூர்த்திக்குத் தாங்கவில்லை. எட்டு வருஷமாக ஸ்டோர்ஸில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். எந்த அதிகாரியும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"வெரி குட், மிஸ்டர்..." என்று ஆபீசர் இழுத்தார்.

"கலியமூர்த்தி சார்."

கும்பகோணத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் சடுகுடு ஆடியதோடு சரி, கால்பந்தைக் காலால் தொட்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போய் அட்டை கிழிந்த ஒரு விதிப் புத்தகம் வாங்கிவந்தார். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படிப்பதை அவர் மனைவி கஸ்தூரியும் மகள் பத்மாவும் வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் நாள் பதினான்கு பையன்கள் வந்தார்கள். மைதானத்தை மூன்று சுற்று ஓடச் சொன்னார். ஓடிவிட்டு வந்து நின்றார்கள். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னும் மூன்று சுற்று ஓடச் சொன்னார். பிறகு, ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டுமே என்று, ஆஃப்சைடு பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"எதிராளியோட பாதிக்குள்ள நாம போய் நின்னாலே ஆஃப்சைடு. ஞாபகம் வச்சுக்குங்க."

"இன்னா சார், அப்டி பாத்தா ஒருத்தனும் கோலே போட முடியாதே?"

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். கேட்டவன் ஒல்லியாக, கறுப்பாக, முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிய லுங்கியோடு நின்றான். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் கோதண்டத்தின் மகனோடு பள்ளிக்கூடத்தில் படிக்கிறவனாம், அவனோடு கூட வந்திருக்கிறான். பெயர் தங்கவேல். வயது பதினாறு. ஊர் முத்தாபுதுப்பேட்டை.

கலியமூர்த்திக்குக் காதெல்லாம் சூடானது. ஆனாலும் அவர் வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை. "அப்ப நீ சொல்லு," என்றார்.

தங்கவேல் நாலு கல்லைப் பொறுக்கி மண்ணில் வைத்தான். இது கோலி, இது பேக், இது நான், பந்து இங்கே. ஒவ்வொரு கல்லாக நகர்த்திக் காட்டினான். விமானப்படை முகாமின் வேலியைத் தாண்டி வரும் பந்துகளை இரண்டு வருஷமாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன். பிறகு முகாம்காரர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் அவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கலியமூர்த்தி அந்தக் கற்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டார். அன்று மாலை அவருக்குப் புரிந்த அளவு அந்தப் புத்தகத்தில் புரியவில்லை.

அதன் பிறகு பயிற்சி அப்படித்தான் நடந்தது. விசில் கலியமூர்த்தியின் வாயில். என்ன ஆடுவது என்பது தங்கவேலின் தலையில். மாலையில் ஷிஃப்ட் முடிந்ததும் அவர் சைக்கிளில் நேரே மைதானத்துக்கு வருவார். மூன்று மாதத்தில் பையன்கள் பந்தின் பின்னால் மந்தையாக ஓடுவதை விட்டுவிட்டு, ஒருவனுக்கு ஒருவன் தள்ளி ஆடக் கற்றுக்கொண்டார்கள். ஆவடி கிளப்பையும் நெமிலிச்சேரி பையன்களையும் தோற்கடித்தார்கள். ஆபீசர் ஒரு நாள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "கலியமூர்த்தி, அசத்துறீங்களே," என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

டிசம்பரில் குடியிருப்புகளுக்கு இடையேயான கோப்பைப் போட்டிக்கு ஃபாரம் வந்தது. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள், ஊழியர்களின் பிள்ளைகள் அல்லது அவர்களை நம்பி வாழும் உறவினர்கள் மட்டும் ஆடலாம். தங்கவேலின் அப்பா செத்துப்போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அம்மா வேம்புலியம்மாள் முன்பு வயல் வேலைக்குப் போனவள். இப்போது கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறாள். தொழிற்சாலைக்கும் அவர்களுக்கும் எந்த ஒட்டும் இல்லை.

கலியமூர்த்தி இரண்டு நாள் ஃபாரத்தைப் பையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் எழுதினார்: தங்கவேல், அக்கா மகன், பாதுகாவலர் ஸ்டோர்ஸ் கலியமூர்த்தி.

"உங்களுக்கு அக்காவே இல்லியே," என்றாள் கஸ்தூரி.

"யாருக்குத் தெரியப் போவுது? பையன் ஆடணும்ல?"

"பையன் ஆடணுமா, நீங்க கோப்பை வாங்கணுமா?"

அவர் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்தார். தங்கவேலிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ நீ எனுக்கு மாமாவா சார்?" என்றான். மறுநாள் வீட்டுக்கு வந்து கஸ்தூரியை அத்தை என்று கூப்பிட்டு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். கஸ்தூரிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு அவன் வராத நாளில், ஏன் வரவில்லை என்று கேட்க ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு ஆட்டங்களில் சுலபமாக ஜெயித்தார்கள். அரையிறுதி பட்டாபிராம் அணியோடு. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பந்தோடு திரும்பிய தங்கவேலின் காலில் எதிரணிப் பையன் ஒருவன் மோத, இருவரும் விழுந்தார்கள். தங்கவேல் எழுந்து நொண்டிக்கொண்டே ஆடி முடித்தான். இரண்டுக்கு ஒன்று ஜெயித்தாயிற்று. ஆனால் வெளியே வந்தபோது அவன் வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு சார். உள்ள இன்னாவோ கயண்டுகினு ஆட்ற மாரி கீது."

கலியமூர்த்தி அவனைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். வாசலில் மருத்துவ அட்டையைக் காட்டி வரிசையில் நின்றவர்களைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது. அவர் அட்டையில் மூன்று பெயர்கள்தான் இருந்தன: அவர், கஸ்தூரி, பத்மா. உன்னை நம்பி வாழ்கிற அக்கா மகன் என்றால் அட்டையில் ஏன் இல்லை என்று ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறவர் கேட்பார். கேள்வி நல மன்றத்துக்குப் போகும். ஃபாரத்தில் பொய் எழுதியது வெளியே வரும். அணியை நீக்கிவிடுவார்கள். அவருக்கு மெமோ வரும், வேலைக்கே கூட ஆபத்து வரலாம்.

சைக்கிளைத் திருப்பினார்.

"இன்னா சார்?"

"சுளுக்குதான்டா. இதுக்குப் போய் ஆஸ்பத்திரி எதுக்கு? தைலம் தேய்ச்சா நாலு நாள்ல வத்திடும்."

தங்கவேல் ஆஸ்பத்திரி வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். 

நாலு நாளில் வீக்கம் பாதி வடிந்தது. இறுதி ஆட்டத்தன்று காலையில் கலியமூர்த்தி முழங்காலில் துணியை இறுகச் சுற்றிக் கட்டினார். முகாமிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் பெரிய அதிகாரிகள் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆடுவியாடா?" என்று கேட்டார்.

பையன் அவர் முகத்தைப் பார்த்தான். "நீ இன்னா சொல்ற சார்?"

வேண்டாம் என்று சொல்ல அப்போது நேரம் இருந்தது. பெஞ்சில் மாற்று ஆளாக இரண்டு பையன்கள் உட்கார்ந்தும் இருந்தார்கள். "கொஞ்ச நேரம் ஆடிப் பாரு," என்றார் கலியமூர்த்தி.

ஐம்பதாவது நிமிஷத்தில் தங்கவேல் இடது காலால் கோல் போட்டான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. இராமகிருஷ்ணன் பக்கத்திலிருந்த அதிகாரியிடம் கலியமூர்த்தியைக் கைகாட்டி ஏதோ சொன்னார். கலியமூர்த்தி அதைப் பார்த்தார். பையனை வெளியே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து, பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில், வெறுமனே ஓடிக்கொண்டிருந்த தங்கவேல் வலது காலை ஊன்றியவன் அப்படியே மடிந்து விழுந்தான். அவன் போட்ட கூச்சல் நாற்காலிகள் வரை கேட்டது.

நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இராமகிருஷ்ணன் ஓடிவந்தார்.

"உங்க அக்கா பையன்தானே கலியமூர்த்தி? ஜீப் நிக்குது, உடனே நம்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நான் டாக்டருக்கு ஃபோன் பண்றேன்."

"வேண்டாம் சார். பழைய சுளுக்கு. நான் பாத்துக்கறேன்."

"பையன் துடிக்கிறானேய்யா!"

"நான் பாத்துக்கறேன் சார்," என்றார் மறுபடியும்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். கோப்பையைக் கலியமூர்த்தி கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். தங்கவேல் அப்போது கோதண்டம் பிடித்துவந்த மாட்டு வண்டியில் முத்தாபுதுப்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் கலியமூர்த்தி மறுநாள் அவனை அழைத்துப் போனார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார்கள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே ஏன் போகவில்லை என்று பின்னாளில் கஸ்தூரி பல தரம் கேட்டாள். விஷயத்தைப் பெரிதாக்கினால் பேச்சு பரவும் என்ற பயம்தான். அதை அவர் அவளிடம் சொன்னதில்லை. இரண்டரை மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அப்புறம்தான் ரயிலேற்றிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். காலைத் தொட்டுப் பார்த்த டாக்டர், "அன்னிக்கே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். தங்கவேல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

1972இல் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து தங்கவேலுக்கும் அட்டை வந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறினான். அப்புறம் உடல் பரிசோதனை. குந்தி உட்காரச் சொன்னார்களாம். அவனால் முடியவில்லை. வரிசையில் இருந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மாலை வேம்புலியம்மாள் கலியமூர்த்தி வீட்டுக்கு வந்தாள். சித்தாள் வேலையிலிருந்து நேராக வந்ததால் காலெல்லாம் சிமென்ட் படிந்திருந்தது. கஸ்தூரி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"நைனா, உன்னான்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்க வந்தேன். எம்புள்ள பேக்டரிக்கு ஆடித்தான் கால ஒட்ச்சிகினான்னு ஒரு லெட்டர் எய்திக் குடு. அத்த வச்சிகினு ஆபீசர் கால்ல உய்ந்தாவது கேக்கறேன். ஒக்காந்து செய்யற வேல எதுனா இல்லாமயா பூடும்?"

"எழுதித் தர்றேம்மா."

"நீ நல்லாருப்ப நைனா. எங்களுக்கு எவ்ளோ செஞ்சிகீற. அவுங்கப்பன் இருந்தாக்கூட இந்த அளவு பாத்திருக்க மாட்டான்."

அவள் போன பின் கஸ்தூரி வெற்றுத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கலியமூர்த்தி எழுதினார். ஒன்றையும் மறைக்கவில்லை. தங்கவேல் தன் அக்கா மகன் இல்லை என்பதையும், ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பியதையும், ஜீப்பை வேண்டாம் என்றதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இராமகிருஷ்ணன் அதை இரண்டு தரம் படித்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதைக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? கோப்பையைத் திருப்பிக் குடுக்கணும். உங்களுக்குச் சார்ஜ்ஷீட். எனக்கும் விளக்கம் கேட்டு வரும். சரி, இதெல்லாம் ஆயிட்டா அந்தப் பையனுக்கு வேலை கிடைச்சிடுமா? பொய் சொல்லி ஆடினவன்னு அவன் பேர்லயும்தான் எழுதுவாங்க." தாளை மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு கலியமூர்த்தி."

ஆபீசர் சொன்னதில் பொய் இல்லை. தாளை மேஜை மேலேயே விட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம் என்பதும் பொய் இல்லை. கலியமூர்த்தி அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மதியம் ஸ்டோர்ஸின் பின்பக்கம் போய்க் கிழித்தார்.

ஒரு வாரம் அவர் முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போகவில்லை. பிறகு போனார். தங்கவேல் ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பலகைப் பெட்டி ஒன்றின் மேல் வலது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கலியமூர்த்தியைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"தங்கவேலு, லெட்டர் எழுதினேன்டா. ஆனா குடுக்க முடியல."

"தெரியும் சார்."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆஸ்பத்திரி வாசலாண்ட நீ வண்டியத் திருப்புனியே, அப்பவே தெரியும். கார்டுல எம்பேரு இல்லேன்னுதான் நீ திருப்பறேன்னு எனுக்குத் தெரியாதா? சுளுக்குன்ன. செரி, மாமா எப்டியும் அப்பறமா சொல்லுவாருன்னு பாத்துகினு இருந்தேன். பைனல் அன்னிக்கி ஆட்றியான்னு கேட்டியே, அப்பவாவது நீ வோணான்னு சொல்லுவேன்னு உன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன்."

 ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தங்கவேல் டோக்கன் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினான்.

"இனிமே எங்க ஊட்டாண்ட வராத சார். எங்கம்மா உன்ன நல்லவன்னு நெனச்சிகினு கீது. அதயாவது அது நம்பிகினு போவட்டும். லெட்டர ஆபீசர் கிழிச்சிட்டாருன்னு நானே சொல்லிக்கறேன்."

அந்த ஜூனில் புதிய அணிக்குப் பயிற்சி தர ஆள் கேட்டபோது கலியமூர்த்தி கூட்டத்துக்கே போகவில்லை. ஆபீசர் ஆள் அனுப்பினார். முதுகு வலி என்று எழுதிக் கொடுத்தார். அந்த வருஷமே அவருக்குப் பதவி உயர்வு வந்தது. பரிந்துரைக் குறிப்பில் இளைஞர் நலப் பணி என்று ஒரு வரி இருந்தது. அதைக் கஸ்தூரியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டுக்கொண்டாள். மாதத்துக்கு ஒரு முறை அவள் பத்மாவையும் கூட்டிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் போய் வருகிறாள் என்பது அவருக்குத் தெரியும். எங்கே போகிறாய் என்று அவர் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.