இல்லாத விமானம்

"இதுல உக்காரு. கைய பாக்கெட்டுக்குள்ள விடு. வாயத் தொறக்கிறதா இருந்தா திங்கிறதுக்கு மட்டும் தொற" என்று சொல்லி, அறுவடை முடிந்த கோதுமை வயலில் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டாள் என் மனைவி நோரீன். மடியில் ஒரு கிண்ணம் மாட்டிறைச்சிக் குழம்பையும் இலவங்கப்பட்டை ரொட்டி ஒன்றையும் வைத்தாள். ராக்கெட் விடும் மூன்று நாள் கூட்டத்தில் சர்ச் பெண்கள் கூடாரம் போட்டு விற்பது. கான்சாஸில் நாங்கள் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவோம். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நான் ஐம்பத்தொன்பது வயது ஆள். இந்த ஊரில் மூன்றாம் படி ராக்கெட் விடும் தகுதி பெற்ற நான்கு பேரில் ஒருவன். அப்படிப்பட்டவனைப் பள்ளிக்கூடப் பிள்ளையை ஓரமாக உட்கார வைப்பதுபோல் உட்கார வைத்துவிட்டாள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன். காரணம் இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. மூன்றாம் படி என்பது விளையாட்டல்ல. ஆள் உயரத்தைத் தாண்டிய ராக்கெட்டைத் தன் கையாலேயே கட்ட வேண்டும், தானே மோட்டாரைப் பூட்ட வேண்டும், தானே விட வேண்டும். அது மேலே போய், பாராசூட் விரிந்து, தரையிறங்கி, 'ரிப்பேர் எதுவும் இல்லாமல் இப்பவே இன்னொரு தடவை பறக்கலாம்' என்று சாட்சி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நோரீனுக்கு இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை மோட்டார் மேடையிலேயே வெடித்தது. அது யார் தப்பும் இல்லை. இரண்டாவது தடவை, போன வசந்தத்தில், அவள் பல் தேய்க்கப் போன நேரம் பார்த்து அவள் மடித்து வைத்திருந்த பாராசூட்டை எடுத்து நான் 'கொஞ்சம் ஒழுங்காக' மடித்து வைத்தேன். நல்ல எண்ணம்தான், சத்தியமாக! வானத்தில் அது விரியவே இல்லை. ஈரத்துணியைப் பிழிந்தது மாதிரி முறுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. வாலில் இருக்கும் ஒரு துடுப்பில் விரிசல். சாட்சி லேலண்ட் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு இல்ல நோரீன்" என்று மட்டும் சொன்னார். நான் அன்று இரவு உண்மையைச் சொன்னேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நாய்க்கு மட்டும் குட்நைட் சொன்னாள்.

அதற்குப் பிறகு நோரீன் கராஜில் தனக்கென்று ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள், ராத்திரி உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்கும். இருபத்தாறு வருடம் இந்த வயல்களில் அவளை 'டாயலோட பெண்டாட்டி' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். என் ராக்கெட்டுகளில் பாதி அவள் கைவேலை. ஒருத்தனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்றைக்கு அந்தச் சிவப்பு ராக்கெட்டை வேனிலிருந்து இறக்கினாள், பத்தடி நீளம், மினுமினுவென்று. நான் கட்டினதில் ஒன்றுகூட இத்தனை அழகாக வந்ததில்லை. அதைச் சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை!

காற்று மட்டும்தான் சரியில்லை. வெள்ளிக்கிழமை புழுதிக்காற்று அடித்ததில் பாதிப் பேர் சனிக்கிழமை முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் மணிக்குப் பதினேழு மைல். இருபதைத் தொட்டால் களத்தை மூடிவிடுவார்கள், இந்த வருடம் இதோடு சரி. கோதுமை விதைப்பு, பனி என்று அடுத்த கூட்டத்துக்கு ஏப்ரல் ஆகிவிடும். நோரீன் தன் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்து டிக் அடித்தாள், நாற்பத்தொரு வேலை. லேலண்ட் பக்கத்தில் நின்று பார்த்தார். பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டினவர், எழுபத்தெட்டு வயது, கண் இன்னும் பருந்துக் கண்.

"டாயல் ரொம்ப அமைதியா இருக்காரே, உடம்பு சரியில்லையா?" என்றார் அவர்.

"குழம்பு வாய் நிறைய இருக்கு" என்றாள் நோரீன்.

அவளே மேடைக்குத் தூக்கிப் போனாள். ஏணி போட்டு ஏறி, உயரத்தை அளந்து பாராசூட்டை வெளியே தள்ள வைக்கும் இரண்டு உயரமானிகளையும் முடுக்கினாள். பீப் பீப் பீப். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் இங்கே வரைக்கும் கேட்டது. மூன்று பீப் என்றால் கருமருந்துக் குப்பிகள் தயார், பாராசூட் விரியும் என்று அர்த்தம். ஐந்நூறு அடி நடந்து திரும்பி வந்து கயிற்றுக்குப் பின்னால் நின்றாள். நெற்றியில் வேர்வை, உதட்டில் புழுதி. என்னைப் பார்க்கவே இல்லை. ஒலிபெருக்கியில் கெண்ட்ரா, எங்கள் ஊர் வேதியியல் டீச்சர், "எல்லாரும் எந்திரிங்க! ஆறாம் மேடை, நோரீன் ஹாட்லி, மூன்றாம் படி முயற்சி!" என்று கத்தினாள். நோரீன் ஹாட்லி! வயலில் இருந்த இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். எனக்கு நாற்காலியில் எப்படி இருப்பு கொள்ளும்? நானும் எழுந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன்.

"பத்து! ஒன்பது!"

ராக்கெட்டின் நடுப்பகுதியில் ஏதோ துடித்தது.

முதலில் பூச்சி என்று நினைத்தேன். பைனாகுலர் திருகைச் சரிசெய்து மறுபடி பார்த்தேன். உயரமானி மூச்சு விடுவதற்காக உடம்பைச் சுற்றி நான்கு காற்றுத் துளைகள் போட்டிருப்போம். அந்த இடத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு முனை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டேப்! வெள்ளிக்கிழமைப் புழுதி உள்ளே போகாமலிருக்க ஒட்டியிருப்பாள், நானும் என் ராக்கெட்டுக்கு ஒட்டினேன். பட்டியல் அதற்கு முந்தின வாரமே எழுதினது. அதில் 'டேப்பைப் பிரி' என்று எங்கே இருக்கும்? துளை அடைபட்டால் உள்ளே இருக்கும் கருவிக்குத் தான் மேலே ஏறினதே தெரியாது. மூன்று பீப் அடித்துவிட்டுச் சும்மா இருக்கும். ஒன்பதாயிரம் அடியிலிருந்து ராக்கெட் தலைகீழாக வந்து வயலில் ஆணி அடித்த மாதிரி இறங்கும்.

"ஆறு! அஞ்சு!"

டேப்தானா? வண்ணம் உரிந்த துணுக்காக இருந்தால்? ஒரு ஸ்டிக்கராக இருந்தால்? நிறுத்தச் சொல்லி, அதற்குள் காற்று இருபதைத் தொட்டு, இரண்டாவது தடவையும் கெடுத்தவன் நானே என்று ஆனால், அப்புறம் நாயோடுகூடப் பேச வேண்டாம் என்பாள். கடவுளே!

"மூணு!"

"நிறுத்து!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் இருநூறு பேருக்கும் கேட்டுவிட்டது. யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும், அது இங்கே சட்டம். கெண்ட்ரா ஏவுபெட்டியின் சாவியைப் பிடுங்கினாள். நோரீன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

"எதுக்கு நிறுத்தின?"

வாய் திறக்கக்கூடாது என்பது அவள் போட்ட கட்டளை. டேப் என்று சொன்னால் அது உதவி. உதவி என்றால் லேலண்ட் கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ. "விமானம்" என்றேன். வானத்தில் விமானம் தெரிந்தால் ராக்கெட்டை நிறுத்தியே ஆக வேண்டும்.

"எங்க?" என்றாள் கெண்ட்ரா ஒலிபெருக்கியில். இருநூறு தலைகள் அண்ணாந்தன. துடைத்து வைத்த வானம். ஒரு காக்காய்கூட இல்லை.

"அங்... அந்தப் பக்கம். மேடைக்கு நேரா. நீயே பாரு" என்று பைனாகுலரை நோரீனிடம் நீட்டினேன். பிடுங்கினாள். வானத்தில் தேடினாள். மெல்லக் கீழே இறக்கினாள். அவள் தோள் அப்படியே நின்றுபோனது. பைனாகுலரை என் நெஞ்சில் இடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "விமானம் போறதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லி ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஐம்பத்தாறு வயதுக்காரி, வயலில் அப்படி ஒரு ஓட்டம்! உயரமானிகளை அணைத்தாள், டேப்பைப் பிரித்தாள், மறுபடி முடுக்கினாள். பீப் பீப் பீப். காற்றுமானி பத்தொன்பது காட்டியது.

"மூணு! ரெண்டு! ஒண்ணு!"

முதலில் புகை. அப்புறம் நெருப்பு. அப்புறம்தான் சத்தம் வந்து நெஞ்சில் குத்தியது. சிவப்புக் கோடு ஒன்று நேராக, கொஞ்சமும் கோணாமல், காற்றையே மதிக்காமல் ஏறியது. "போ! போ! போ!" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள், அது நான்தான். புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போனது. எண்ணினேன், இருபது, இருபத்தொன்று. நோரீன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது அவளுக்குத் தெரியவில்லை. மேலே ஒரு சின்ன வெள்ளைப் புகைக்கொத்து. "பிரிஞ்சது!" என்று லேலண்ட் முதலில் சொன்னார். சின்னப் பாராசூட்டில் வேகமாக இறங்கி, எழுநூறு அடியில் டப்பென்று பெரிய ஆரஞ்சுப் பாராசூட் விரிந்தபோது சர்ச் பெண்கள்கூடக் கரண்டியோடு குதித்தார்கள்.

முக்கால் மைல் தள்ளி விழுந்தது. லேலண்டின் பழைய பிக்கப்பில் போனோம். எங்களை இறக்கிவிட்டு அவர் குனிந்து துடுப்பு துடுப்பாகத் தடவிப் பார்த்தார், மூக்குமுனையைத் தட்டிப் பார்த்தார். நான் தள்ளியே நின்றேன். கையெழுத்து ஆகும் வரை வேறு யாரும் தொடக்கூடாது.

"இப்பவே இன்னொரு தடவை பறக்குமா?"

"பறக்கும்" என்றாள் நோரீன்.

அட்டையைப் பிக்கப் மூடிமேல் வைத்துப் பேனாவை எடுத்தார். "கடைசிக் கேள்வி. யாராவது உதவினாங்களா?"

மனசுக்குள் கெஞ்சினேன். இல்லை என்று சொல், பெண்ணே, இல்லை என்று சொல்.

"விமானமே வரல லேலண்ட். துளையில டேப் ஒட்டியிருந்தேன், பிரிக்க மறந்துட்டேன். இவன் பாத்துட்டு நிறுத்தச் சொன்னான்" என்றாள். "உள்ளதச் சொல்லிட்டேன். நீங்க எழுத வேண்டியத எழுதுங்க."

லேலண்ட் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. "டேப்ப ஒட்டினது யாரு?"

"நான்."

"மறந்தது?"

"நான்தான்."

"பிரிச்சது?"

"நான்."

"அப்ப தப்பு உட்பட எல்லாமே உன் வேலைதான?" என்றார். "நிறுத்துன்னு கத்துறது உதவி இல்ல, களத்துல நிக்கிற எவனுக்கும் அது கடமை. எனக்கும் டேப் தெரிஞ்சுது. ரெண்டு வரைக்கும் பாப்போம், புருஷங்காரன் வாயத் தொறக்கிறானான்னு நின்னேன். மூணுலயே தொறந்துட்டான்." கையெழுத்தைப் போட்டு அட்டையை நீட்டினார்.

நோரீன் அட்டையை இரண்டு கையாலும் வாங்கினாள். சிரிக்க ஆரம்பித்து அழுதாள், அழுதுகொண்டே என் தோளில் ஒரு குத்து விட்டாள். "விமானமாம்! அடுத்த தடவை புளுகுறதா இருந்தா ஒரு வாத்தாவது இருக்கான்னு பாத்துட்டுப் புளுகு!"

"பிக்கப்ல போட்டுக்கலாம்" என்றார் லேலண்ட்.

"வேணாம். நடந்துதான் கொண்டு போவேன். எல்லாரும் பாக்கணும்" என்று அவள் முன்பக்கத்தைத் தோளில் தூக்கி வைத்தாள். பாராசூட்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். பின்னால் திரும்பாமலே, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? வாலப் பிடி" என்றாள்.

மோட்டார் இன்னும் ஆறவில்லை. உள்ளங்கை சுட்டது, விடவில்லை. பத்தடி முன்னால் அவள் தலைமுடியெல்லாம் காற்றில் பறக்க, தாள்கட்டைகளை மிதித்துக்கொண்டு போனாள். தூரத்தில் கூடாரங்களைக் காற்று உலுக்கிக்கொண்டிருந்தது, ஜனங்கள் கயிறு வரைக்கும் வந்து நின்றிருந்தார்கள்.

"இடது பக்கம் எலி வளை" என்று கத்தினாள். "காலப் பாத்து வை!"

நான் காலைப் பார்த்து வைத்தேன்.